கால்நடை மருத்துவப் படிப்புக்குக் கடன் வாங்கலாமா?

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர்)

பிளஸ் டூ தேர்வின் முடிவுகள் வெளிவந்த பதினைந்து நாள்களுக்குள் நமது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் நகைக் கடன் பிரிவில் கூட்டம் மிகுந்துவிடுவதைச் சங்கச் செயலாளர்கள் யாவரும் அறிவர். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'விவசாயச் செலவு' என்று எழுதப்படுகிறது. கோடை உழவுகூடத் தொடங்காத நிலத்துக்கு அப்படி என்ன அவசரச் செலவு என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதை அன்று என்று நாமும் இருந்துவிடுகிறோம். நெசவாளர் சங்கங்களில் இதே காரியம் வேறு உருவில் நடைபெறுகிறது. நூலுக்கென்று பெற்ற முத்ரா கடன், தறிக்குப் போகாமல் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்ச் சேருகிறது. பிள்ளைகளின் படிப்புக்காகச் செலவிடும் பெற்றோரைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. படிப்புக்குக் கடன் வாங்குவது தகும் என்பதே என் கட்சி. எந்தக் கடன், எவ்வளவு, யார் பெயரில், எந்த வருமானத்தை நம்பி என்ற நான்கையும் முன்கூட்டியே பார்ப்பதில்லையே என்பதுதான் என் குறை.

நமது அங்கத்தினர் குடும்பங்களில் பெரிதும் விரும்பப்படும் படிப்புகளில் ஒன்று கால்நடை மருத்துவம். இதில் வியப்பில்லை. பால் ஊற்றும் குடும்பத்துப் பிள்ளை மாட்டின் காய்ச்சலையும் மடிவீக்கத்தையும் கண்ணாரக் கண்டு வளர்ந்தவன். நள்ளிரவில் கன்று தடைப்பட்டுத் தவிக்கும் பசுவைக் காப்பாற்றிய மருத்துவரை ஊரே கும்பிடுவதையும் கண்டிருக்கிறான். படிப்புக்கும் நீண்ட பாரம்பரியம் உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கப்பெற்றது. நாமக்கல் கல்லூரி 1985இல் வந்தது. 1989இல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் நிறுவப்பட்டது. பின்னர் திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் அரசுக் கல்லூரிகள் எழுந்தன. ஆகவே நமது மாணவர் தம் மாவட்டத்துக்கு அண்மையிலேயே பயிலும் வாய்ப்பு முன்னைவிட மிகுதி.

ஆனால் இப்படிப்பு ஐந்தரை ஆண்டு நீள்வது. நான்கரை ஆண்டு பாடம், ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. மூன்றாண்டில் பட்டம் பெற்று வெளிவரும் பிள்ளைக்கும் இதற்கும் இடையிலுள்ள இரண்டரை ஆண்டைக் கணக்கில் சேர்க்கும் பெற்றோரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கல்லூரிக்குக் கட்டும் பணம் மட்டுமே செலவு என்று கொள்வது தவறு. அவ்வைந்தரை ஆண்டில் அப்பிள்ளை வேறு வேலைக்குச் சென்று மாதம் 9,000 ரூபாய் ஈட்டியிருப்பான் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 66 மாதங்களுக்கு 5,94,000 ரூபாய் ஆகிறது. இது ரொக்கமாகக் கைவிட்டுப் போவதில்லை, வராமற்போவது. கண்ணுக்குத் தெரியாத இச்செலவைக் குடும்பம் தாங்க இயலுமா என்பதே முதற்கேள்வி. தந்தைக்கு அறுபது வயது நெருங்கும் குடும்பத்துக்கும், நாற்பத்திரண்டு வயதில் தறியில் உட்கார்ந்திருக்கும் தந்தையுள்ள குடும்பத்துக்கும் விடை ஒன்றாக இராது.

இனி வருமானத்தைப் பார்ப்போம். பெற்றோரைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "படிப்பு முடிந்ததும் கவர்ன்மெண்டு டாக்டர்." கால்நடை பராமரிப்புத் துறையில் உதவி மருத்துவராகச் சேர்பவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் என்பது உண்மை. படிகள் தனி. இதைவிட நல்ல உத்தியோகம் ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு எளிதில் வாய்ப்பதன்று. ஆயினும் அவ்வேலை பட்டத்தோடு சேர்ந்து வருவதில்லை. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கை வரவேண்டும். அஃது ஆண்டுதோறும் வருவதன்று. 2019ஆம் ஆண்டு நவம்பரில் 1,141 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. அத்தகைய பெரிய வாய்ப்பு மீண்டும் எப்போது என்று எவரும் தேதி குறித்துச் சொல்ல இயலாது. அறிவிக்கை வந்த பிறகும் எழுத்துத் தேர்வு, நேர்முகம், சான்றிதழ் சரிபார்ப்பு, வழக்கு வந்தால் வழக்கு என்று காலம் செல்லும். வங்கியின் தவணையோ இவற்றுக்காக ஒரு மாதமும் காத்திராது.

எனவே கடனை எடைபோட வேண்டியது அரசுச் சம்பளத்தோடு அன்று. அரசு வேலைக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் கிடைக்கும் சம்பளத்தோடு. இதுவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது. அக்காத்திருப்புக் காலத்தில் நம் பட்டதாரிகள் என்ன செய்கிறார்கள்? நாமக்கல், பல்லடம் வட்டாரக் கோழிப் பண்ணைகளிலும் தீவன ஆலைகளிலும் சேருகிறார்கள். மருந்துக் கம்பெனிகளிலும் கால்நடைக் காப்பீட்டுப் பணியிலும் சிலர் சேருகிறார்கள். பெருநகரங்களில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் செய்யும் மருத்துவமனைகளில் உதவியாளராகச் சிலர் தங்குகிறார்கள். ஆவின் ஒன்றியங்களிலும் கால்நடை மருத்துவர்க்கு இடம் உண்டு. பொதுத்துறை வங்கிகளில் வேளாண் அலுவலர் பணிக்கும் கால்நடை மருத்துவப் பட்டம் தகுதியானது என்பதைப் பலர் அறியார். 2024இல் ஏற்பட்ட ஊதிய ஒப்பந்தப்படி அப்பதவிக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய். (இதே பணிக்குக் கூட்டுறவுப் பாடத்தில் நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். நம் துறையின் படிப்பைக் குறைவாகப் பேசுவோர் இதைக் கவனிப்பாராக.) ஆனால் இதுவும் அகில இந்தியப் போட்டித் தேர்வு.

கிராமத்தில் தனியே வைத்தியம் பார்த்து வாழலாமே என்பர். வாழலாம், ஆனால் அரசு மருந்தகம் இலவசமாக இருக்கும் ஊரில் தனி மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்க எத்தனை பேர் முன்வருகிறார்கள்? பசு எழுந்து நின்றதும், "அடுத்த பட்டுவாடாவில் தருகிறேன், டாக்டர்" என்று சொல்லும் அங்கத்தினர்களை நாம் அறியாதவர்களா? நகரத்தில் சொந்த மருத்துவமனை வைப்பதென்றால் வாடகை, முன்பணம், கருவிகள் என்று இரண்டாவது கடன் வேண்டியிருக்கும். முதற்கடன் தீராதவர் அதை நினைக்கலாகாது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். எளிமைக்காக ஆண்டுக்கு 80,000 ரூபாய் வீதம் ஐந்து தடவை, மொத்தம் 4 லட்சம் ரூபாய் கல்விக் கடன் பெறுவதாகக் கொள்வோம். வட்டி நூற்றுக்கு ஆண்டுக்குப் பத்து. வங்கிக்கு வங்கி இது மாறும். வங்கிகள் பின்பற்றும் பொதுத் திட்டப்படி, படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதாவது ஆறரை ஆண்டு. 'கட்ட வேண்டியதில்லை' என்றால் 'வட்டி இல்லை' என்று பொருளன்று. தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதலாண்டில் வாங்கிய 80,000 ரூபாய் ஆறரை ஆண்டுக்கும், அடுத்தது ஐந்தரை ஆண்டுக்கும், இவ்வாறே கடைசித் தொகை இரண்டரை ஆண்டுக்கும் வட்டி சுமக்கும். கூட்டினால் வட்டி மட்டும் 1,80,000 ரூபாய். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 4 லட்சமாக இராது. 5,80,000 ரூபாயாக இருக்கும். வங்கியிலிருந்து இந்தத் தொகையைக் குறித்த கடிதம் வந்தபோது "நாங்கள் நான்குதானே வாங்கினோம்" என்று பதறிய பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் பிழை ஒன்றும் இல்லை.

இந்த 5,80,000 ரூபாயைப் பத்தாண்டில் தீர்ப்பதானால் மாதத் தவணை சுமார் 7,665 ரூபாய். பதினைந்து ஆண்டில் தீர்ப்பதானால் 6,233 ரூபாய். பின்னது இலகுவாகத் தோன்றும். ஆனால் முடிவில் கட்டிய மொத்தத் தொகை முன்னதைவிட இரண்டு லட்சத்துக்குச் சற்று மிகுதி. மாதம் 1,432 ரூபாய் குறைவதற்காகக் கொடுக்கும் விலை அது. என் கருத்து என்னவெனில், தொடக்கத்தில் நீண்ட தவணையை ஏற்றுக்கொண்டு, நல்ல வேலை கிடைத்தபின் கூடுதலாகச் செலுத்தி விரைவில் முடிப்பதே நமது குடும்பங்களுக்கு ஏற்றது. முன்கூட்டிச் செலுத்தினால் அபராதம் உண்டா என்பதைக் கையொப்பமிடும் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தவணை, கைக்கு வரும் சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு. வீட்டை விட்டு வெளியூரில் தங்கி, உண்டு, பெற்றோர்க்கும் சிறிது அனுப்ப வேண்டிய இளைஞருக்கு அதற்குமேல் தாங்காது. அவ்வளவுப்படி 6,233 ரூபாய்த் தவணைக்கு மாதம் ஏறக்குறைய 25,000 ரூபாய் கைக்கு வரவேண்டும். 7,665 ரூபாய்க்கு 30,660 வேண்டும். தனியார் பண்ணையிலோ கம்பெனியிலோ முதலாண்டில் அவ்வளவு கிடைக்குமா? இதற்கு நான் பதில் சொல்வதைவிட, உங்கள் வட்டாரத்தில் இரண்டாண்டுக்கு முன் பட்டம் பெற்ற மூன்று பேரைத் தேடிச் சென்று கேட்பதே மேல். பத்தாண்டுக்கு முன் வேலைக்குச் சேர்ந்து இன்று அரசு ஜீப்பில் வருபவரைக் கேட்பது பயனற்றது. கேட்கும்போது கூச்சம் வேண்டா. விதைநெல் வாங்கும்போது முளைப்புத் திறனைக் கேட்கிறோமல்லவா?

இக்கணக்கை இலேசாக்கும் வழிகள் சில உண்டு. அவற்றை விட்டுவிட்டு நகையைத் தூக்கிக்கொண்டு வருவதைக் காணும்போதுதான் மனம் வருந்துகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாலரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால், தொழிற்கல்விக் கடனுக்கு மேற்சொன்ன ஆறரை ஆண்டு வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருந்துவருகிறது. அச்சலுகை கிடைத்தால் நாம் கணக்கிட்ட 5,80,000, 4,00,000 ஆகவே நிற்கும். பதினைந்து ஆண்டுத் தவணை 4,298 ரூபாயாகக் குறையும். 17,000 ரூபாய்ச் சம்பளக்காரரும் தாங்கும் சுமை அது. நம் அங்கத்தினருள் பெரும்பாலோர் இவ்வருமான வரம்புக்குள் அடங்குவோர். ஆனால் வருமானச் சான்றை உரிய காலத்தில் வங்கியில் கொடுக்காமல் சலுகையை இழப்போர் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இரண்டு நடை நடப்பதற்குச் சோம்பி 1,80,000 ரூபாயை இழப்பது எவ்வகையில் நியாயம்?

நமது மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் கல்விக் கடன் வழங்குகின்றன. இருப்பினும் மானியத்துக்குத் தகுதியுள்ள குடும்பம், எந்த வங்கியின் கடனுக்கு அம்மானியம் செல்லும் என்பதைக் கேட்டுத் தெளிந்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். கூட்டுறவுத் துறையில் சம்பளம் வாங்குபவன் அங்கத்தினரை வேறு வங்கிக்குப் போகச் சொல்லலாமா என்று எவரேனும் முகஞ்சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். அங்கத்தினர் நொடித்தால் சங்கத்துக்கு என்ன லாபம்?

அரசுப் பள்ளியில் படித்த மாணவர்க்கு இன்னும் பெரிய வழி திறந்திருக்கிறது. தொழிற்கல்லூரிகளில் அவர்களுக்கு ஏழரை விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021இல் இயற்றப்பட்டது. கால்நடை மருத்துவமும் அதில் அடங்கும். அவ்வொதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அவ்வாண்டு செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். 'நல்ல பள்ளி' என்று தனியார் பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டிய குடும்பம் இவ்வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஆறாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் பெற்றோர் இதை இன்றே எண்ணிப் பார்க்கத்தக்கது.

வட்டி மானியம் கிடைக்காதவர்க்கு ஒரு யோசனை. ஏறும் வட்டியைப் படிப்புக் காலத்திலேயே மாதந்தோறும் கட்டிவிடலாம். முதலாண்டில் அது மாதம் 667 ரூபாய்தான். 2023 டிசம்பரில் ஆவின் கொள்முதல் விலையை உயர்த்தியபோது பசும்பாலுக்கு நிர்ணயித்த லிட்டருக்கு 38 ரூபாய் என்ற விலையையே வைத்துப் பார்த்தாலும், மாதத்துக்குப் பதினெட்டு லிட்டர்ப் பாலின் விலை. ஐந்தாம் ஆண்டில் நாளொன்றுக்கு மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு நல்ல கறவைப் பசு இருக்கும் வீட்டில் தீவனச் செலவு போக இது முடியாத காரியமன்று. கடன் வளராமல் நிற்கும். வட்டியை ஒழுங்காகக் கட்டுவோர்க்கு வட்டி விகிதத்தில் சிறு தள்ளுபடி தரும் வங்கிகளும் உண்டு.

இவ்விடத்தில் நான் பார்வையிட்ட ஒரு சங்கத்துப் பேரேட்டைக் குறிப்பிடுவது தகும். ஊரும் பெயரும் வேண்டா. ஓர் அங்கத்தினர் பல ஆண்டு பயிர்க்கடனை வாய்தா தவறாமல் கட்டிவந்தவர். ஒரு வருஷம் கடனைப் பெற்றார், நிலத்தில் பாதி தரிசாகக் கிடந்தது, பாக்கி விழுந்தது. விசாரித்ததில் மகள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த கதை தெரிந்தது. கல்விக் கடன் என்றால் மகள் தலையில் கடன் ஏறுமே என்று அஞ்சி, பயிர்க்கடன் 60,000 ரூபாயைக் கட்டணத்துக்குக் கொடுத்திருந்தார். வாய்தாவுக்குள் திருப்பினால் வட்டியே இல்லாத கடன் அது. வாய்தா தவறியதும் வட்டியும் அபராத வட்டியும் ஏறின. அதைவிடப் பெரிய இடர், பாக்கிதாரர் ஆனதால் அடுத்த பருவத்துக்குச் சங்கத்தில் கடன் கிடைக்கவில்லை. உரத்துக்கும் கூலிக்கும் வெளியில் இரண்டு வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்துநான்கு வட்டிக்கு, வாங்கினார். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்குக் கறவை மாடுகள் இரண்டையும் விற்றார். மாட்டுக்கு வைத்தியம் கற்க மகளை அனுப்பிய வீட்டில் மாடு இல்லாமற்போயிற்று. பால் சங்கத்தில் அவர் எண்ணுக்கு எதிரே வரவு நின்றுவிட்டது.

அவர் செய்ததில் ஊதாரித்தனம் ஏதும் இல்லை. குற்றம் கடனின் ஆயுளில் இருக்கிறது. பயிர்க்கடன் ஓராண்டில் திரும்ப வேண்டியது. ஏனெனில் நெல்லோ கடலையோ ஓராண்டுக்குள் பணமாகும். படிப்பு பணமாவதற்கு ஆறாண்டு ஆகும். ஆறாண்டுப் பயிருக்கு ஓராண்டுக் கடனை வாங்கினால், அறுவடைக்கு ஐந்து வருஷம் இருக்கும்போதே வாய்தா வந்து வாசலில் நிற்கும். நகைக் கடனும் அவ்வாறே. ஆண்டுக்கு ஒருமுறை வட்டியைக் கட்டி மறு அடகு வைத்து வைத்து, கடைசியில் ஏலத்துக்குப் போன நகைகளுள் கல்லூரிக் கட்டண நகைகள் எத்தனை என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நெசவாளரின் சேமிப்பு நிதி முதுமைக்கென்று வைத்தது. நூலுக்கான மூலதனம் தறி ஓடுவதற்கென்று வைத்தது. தறி நின்றால் கல்லூரிப் பிள்ளைக்கு மாதாமாதம் சாப்பாட்டுப் பணம் யார் அனுப்புவது? ஆகவே உற்பத்திக் கடன் ஒரு ரூபாயும் படிப்புக்குச் செல்லலாகாது. படிப்புக் கடனை, தொடக்கத்திலேயே படிப்புக் கடனாகவே வாங்க வேண்டும்.

இதற்கு நண்பர்கள் சொல்லும் மறுப்பை நான் அறிவேன். "சங்கக் கடன் என்றால் ஒருநாள் தள்ளுபடி ஆகும், வங்கிக் கல்விக் கடன் கழுத்தைப் பிடிக்கும்" என்பார்கள். 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் பயிர்க்கடன்கள் தள்ளுபடி செய்யப்பட்டது உண்மைதான். ஆனால் இடையிலுள்ள ஆண்டுகளைக் கவனியுங்கள். 2006க்கும் 2016க்கும் நடுவே பத்தாண்டு. அதை நம்பிப் பாக்கிதாரராகக் காத்திருந்தவர் அப்பத்தாண்டு முழுதும் வெளி வட்டிக்கு வாங்கியல்லவா பயிரிட்டிருப்பார்? தள்ளுபடி வந்தால் பெற்றுக்கொள்ளலாம். அதை வரவுப் பத்தியில் முன்கூட்டியே எழுதலாகாது.

மகளின் தலையில் கடன் ஏறுமே என்ற அச்சம் வேறு பலரிடமும் உண்டு. மகனுக்குக் கல்விக் கடன் வாங்கத் தயங்காதவர், மகளுக்கென்றால் அவள் கல்யாண நகையை எடுத்து அடகு வைக்கிறார். 'கடனோடு வரும் பெண்ணை யார் கட்டுவார்' என்பது உட்கிடக்கை. எனக்கு இது சிறிதும் உடன்பாடன்று. பட்டம் அவளுடையது, சம்பளம் அவளுடையது, கடனும் அவள் பெயரில் இருப்பதே நேர்மை. சம்பந்தம் பேசும்போதே, "பெண் டாக்டர், மாதம் இவ்வளவு தவணை இன்னும் இத்தனை ஆண்டு அவள் சம்பளத்தில் போகும்" என்று சபையில் சொல்லிவிடலாம். அதைக் கேட்டுப் பின்வாங்கும் மாப்பிள்ளை வீட்டார் சம்பளத்துக்காக வந்தவர்கள் என்று தெரிந்துகொள்வதும் ஒரு லாபமே. சொல்லாமல் மறைத்தால், கல்யாணத்துக்குப் பின் தவணை, கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்ட தந்தையின் தலையில் வந்து விழும்.

வெளிமாநிலத் தனியார் கல்லூரிகளில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்கள் இப்போது கைத்தறி ஊர்களிலும் நடமாடுகிறார்கள். ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் 15 லட்சம் ரூபாய்க் கடன் என்று வைத்து முன்போலவே கணக்கிட்டால், தவணை தொடங்கும் நாளில் கடன் 21,75,000 ரூபாய். பத்தாண்டுத் தவணை மாதம் 28,743 ரூபாய். அரசு மருத்துவரின் தொடக்க அடிப்படைச் சம்பளத்திலேயே ஏறக்குறைய பாதி. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கி ஈடு கேட்கும். நம்மிடம் ஈடு என்றால் வீடு, அல்லது காணி. இவ்வளவு பெரிய கடனுக்கு இப்படிப்பு தகாது என்று தயக்கமின்றிச் சொல்வேன். அதிலும், 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால்தான் மருத்துவராகப் பதிவு செய்துகொண்டு வைத்தியம் பார்க்க இயலும். 'விலங்கியல்', 'கால்நடை அறிவியல்' என்று பெயர் ஒத்த மூன்றாண்டுப் பட்டங்கள் அந்த உரிமையைத் தாரா. முன்பணம் கொடுக்குமுன் கல்லூரியின் பெயர் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். தரகர் காட்டும் வண்ணப் புத்தகம் சான்று ஆகாது.

மருத்துவ இடம் கிடைக்காத மாணவர்க்கு அதே பல்கலைக்கழகத்தில் பால்வளத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம் ஆகிய நான்காண்டுப் பட்டங்கள் உள்ளன. மருத்துவர் என்ற பெயர் வராது. ஆனால் ஒன்றரை ஆண்டு முன்னதாகச் சம்பாதிக்கத் தொடங்கலாம், கடனும் அவ்வளவுக்குக் குறையும். பால் குளிரூட்டும் நிலையங்களும் பதனிடும் ஆலைகளும் நமது கூட்டுறவிலேயே இருக்கையில், இப்படிப்பை இரண்டாந்தரமாக நினைப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மே, ஜூன் மாதங்களில் நகைக் கடனுக்கு வரும் அங்கத்தினரிடம், வீட்டில் பிள்ளை எவரேனும் கல்லூரியில் சேருகிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமெனில், கல்விக் கடனுக்கான வங்கிக் கிளை எது, வருமானச் சான்று எங்கே பெறுவது என்பதைச் சொல்லி அனுப்புங்கள். அறிவிப்புப் பலகையில் அரைத் தாள் எழுதி ஒட்டினாலும் போதும். அவருடைய நகை வட்டி சங்கத்துக்கு வராமற்போகலாம். அடுத்த பருவத்தில் பயிர்க்கடனை வாய்தாவில் கட்டும் அங்கத்தினர் ஒருவர் நமக்கு மிச்சமாவார்.

வங்கிக்குச் செல்லும்போது சேர்க்கை ஆணை, கல்லூரி தரும் ஆண்டுவாரிக் கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றைப் படிகளுடன் கொண்டுசெல்க. நாலு லட்சம் வரை ஈடு கேட்கப்படின், பொதுத் திட்டத்தில் அத்தொகைக்கு ஈடு இல்லை என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். கிளை மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.